தங்கராஜ் அண்ணனுக்கு ஆடு கிடையாது

1

இந்த வருஷம் தொண்டர் பயிற்சிக்கு என் மகளும் வந்து உட்கார்ந்தாள். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென்தீவில், ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறிய ஊர். நகரசபையில் பேரிடர் அறிவிப்புப் பிரிவில் வேலை. பெயர்தான் பெரிது. ஆறு கரை மீறப் போகிறது, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், இந்தப் பாலத்தில் வண்டி விடாதீர்கள் என்று ஜனங்களுக்குச் சொல்கிற வேலைதான் அது. முக்கால்வாசி நாள் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அப்போது பழைய அறிவிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, 'உடனே' என்ற வார்த்தை முதல் வரியில் வரலாமா இரண்டாம் வரியில் வரலாமா என்று மூன்று பேர் அரை நாள் பேசுவோம். ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நானும் முதல் வருஷம் சிரித்தேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் தொண்டர்களுக்குப் பயிற்சி நடக்கும். தொலைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பினால் மட்டும் ஜனங்கள் கிளம்புவதில்லை, ஒரு ஆள் வாசலில் வந்து நின்று சொல்ல வேண்டும். அப்படிப் போய்ச் சொல்கிறவர்களைத் தயார் செய்கிற வகுப்பு அது. அதில் என் பங்கு பதினைந்து நிமிஷம். திரையில் ஒரு பச்சை மேடும் இரண்டு வெள்ளாடுகளும் வரும். நான் பேச ஆரம்பிப்பேன்.

பத்து வருஷமாக ஒரே கதையைத்தான் சொல்கிறேன். இந்தியாவின் தென்கோடியில், கேரளமும் தமிழ்நாடும் தொடுகிற இடத்தில் எங்கள் ஊர். பக்கத்தில் நெய்யாறு ஓடுகிறது. மேலே அணை. ஒரு மழையில் அணையின் ஷட்டரை உயர்த்தப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. நான் ஜீப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஆற்றோரம் மூன்று தடவை போய்ச் சொன்னேன். ஒரு மனிதர் மட்டும் கிளம்பவில்லை. ஆடுகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். அதனாலேயே செத்துப் போனார். இந்த இடத்தில் ஹாலில் ஒரு பெருமூச்சு கேட்கும். அடுத்த படத்தில் கொட்டை எழுத்தில், 'மக்கள் ஏன் எச்சரிக்கையைக் கேட்பதில்லை?' என்று வரும். தேநீர் இடைவேளை.

என் மகள் மெர்லினுக்குப் பதினேழு வயது. பள்ளியில் இத்தனை மணி நேரம் சமூக சேவை செய்தேன் என்று காட்ட வேண்டுமாம், அதற்காக வந்தாள். நான் இந்தக் கதையை வீட்டில் சொன்னதே இல்லை. மூன்றாவது வரிசையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும்போது காரில் காதில் ஒன்றும் மாட்டிக்கொள்ளவில்லை. அதுவே அதிசயம்.

"அப்பா, அந்த அங்கிளுக்க வைஃப் இப்ப எங்க?" என்று கேட்டாள்.

"ஊர்லதான். பக்கத்துல காரோடுண்ணு ஒரு எடம்."

"எனக்கு அவங்ககிட்ட பேசணும்."

இதற்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று புலம்பெயர்ந்து பிள்ளை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். வீடியோ காலில் எங்கள் ஊர் பாறசாலை வந்தால் இவள் கையை ஆட்டிவிட்டு மறைந்துவிடுவாள். என் அக்கா அந்தப் பக்கம் "குட்டி எங்கலே?" என்று தேடிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை பேசு, ஒரு வார்த்தை பேசு என்று கெஞ்சியிருக்கிறேன். இப்போது அவளாகவே கேட்கிறாள். கேட்டதும் நான் பேச்சை மாற்றப் பார்த்தேன்.

தங்கராஜ் அண்ணனுக்கு ஆடு கிடையாது.

2

அந்த ஆடு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி ஜெபா நர்ஸ். வெள்ளறடைக்காரி. எங்கள் பக்கத்தில் நர்ஸைக் கட்டினவன் உலகம் சுற்றுவான் என்பார்கள். நான் அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். முதல் மூன்று வருஷம் சூப்பர் மார்க்கெட்டில் பால் அடுக்கினேன். பிறகு நகரசபையில் ஒரு வேலை காலியாக இருக்கிறது, பொதுமக்களிடம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று விளம்பரம் வந்தது. ஜெபாதான் விண்ணப்பத்தை நிரப்பினாள். 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் இருவரும் சிக்கிக்கொண்டோம். ஊரில் நான் அனௌன்சர். அப்படியே எழுதினால் ரேடியோவா, விமான நிலையமா என்று கேட்பார்கள். "ஜீப்பிலண்ணு எழுது" என்றேன். அவள் வேறு ஏதோ கௌரவமாக எழுதினாள்.

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மார்கரெட், இன்றும் என் மேலதிகாரி. நெருக்கடியில் நீங்கள் பொதுமக்களிடம் பேசிய அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். என் வாழ்க்கையில் அப்படி இருந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன். மூன்று தடவை போனேன், அவர் நம்பவில்லை என்றேன்.

"ஏன் நம்பவில்லை?" என்று கேட்டார் மார்கரெட்.

பதில் எனக்குத் தெரியும். அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டுமானால் புறம்போக்கு என்றால் என்ன, பட்டயம் என்றால் என்ன, வார்டு தேர்தல் எப்படி நடக்கும் என்று அரை மணி நேரம் பேச வேண்டும். அது மட்டும்தான் காரணம் என்று என்னை நானே பல வருஷம் ஏமாற்றிக்கொண்டேன். அன்றைக்கு, "அங்கே பீப்பிள் ரொம்ப அடமன்ட், மேடம்" என்றேன். அடமன்ட் என்ற வார்த்தையை ஊரில் நாம் பேச்சுக்குப் பேச்சு போடுவோம். இங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை. அவருக்கு அது ஏதோ கனமான வார்த்தையாகப் பட்டிருக்க வேண்டும், பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

"இங்கேயும் அப்படித்தான். கால்நடையை விட்டு விவசாயிகள் வரவே மாட்டார்கள். அவருக்கும் அப்படி ஏதாவது இருந்ததா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமாம்," என்றேன். "ஆடு."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு வேலை கிடைத்தது. ஆறு மாதம் கழித்து, அந்தக் கதையைப் பயிற்சியில் சொல்லுங்களேன் என்று மார்கரெட் கேட்டபோது ஆட்டைக் கதையிலிருந்து இறக்கிவிட இன்னொரு சந்தர்ப்பம் வந்தது. நான் இணையத்தில் தேடி நல்ல ஆட்டுப் படமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். யாருடைய ஆடோ. கொழுத்து நன்றாக இருந்தது.

3

எனக்கு நல்ல குரல். தற்பெருமை இல்லை, பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை யாரைக் கேட்டாலும் அந்தக் காலத்தில் சொல்லியிருப்பார்கள். ஜீப்பின் மேல் இரண்டு கோளாம்பி ஒலிபெருக்கியைக் கட்டி, முன் சீட்டில் மைக்கோடு உட்கார்ந்தால் ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே, "அருளு வாறான்" என்பார்கள். லாட்டரிச் சீட்டு, ஜவுளிக்கடையின் ஓணத் தள்ளுபடி, கோயில் உற்சவம், எங்கள் சபையின் கன்வென்ஷன் எல்லாவற்றுக்கும் நான்தான். மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. எல்லை ஊரில் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் நான்தான். காலையில் ஒருவருக்கு ஓட்டுக் கேட்டுவிட்டு மத்தியானம் சோறு தின்றுவிட்டு சாயங்காலம் அவருடைய எதிரிக்குக் கேட்பேன். டீக்கடையில், "எலே, ஒனக்க வாய் ஒண்ணுதானா, ரெண்டு உண்டா?" என்று கேலி செய்வார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மேளக்காரன் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அடிப்பான் இல்லையா, அப்படி என்று நினைத்தேன்.

அந்த வருஷம் வார்டு தேர்தலில் கடும் போட்டி. ஆற்றோரத்தில் கீழ்க்கடவு என்ற இடத்தில் பத்துப் பதினைந்து வீடுகள் இருந்தன. எல்லாம் தமிழ்க் குடும்பங்கள், புறம்போக்கு நிலம், பட்டயம், அதாவது பட்டா, கிடையாது. ஒவ்வொரு வருஷமும் எடவப்பாதி என்கிற தென்மேற்கு மழைக்கு தண்ணீர் வாசல்படியைத் தொட்டுவிட்டுப் போகும். ஒரு வேட்பாளர், "ஒரு நாள் உள்ளே வந்துவிடும், உங்களுக்கு வேறு இடத்தில் பட்டயத்தோடு மூணு சென்ட் வாங்கித் தருகிறேன்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது உண்மை. இன்னொருவருக்கு, அதாவது கடைசி வாரம் என்னை முழுசாகப் பேசி வைத்துக்கொண்டவருக்கு, அதற்குப் பதில் இல்லை. பெயரையும் சின்னத்தையும் மட்டும் சொல்லிக்கொண்டு போ என்றார்.

வெறும் பெயரையும் சின்னத்தையும் சொன்னால் நான் எதற்கு? கீழ்க்கடவுக்குத் திரும்புகிற வளைவில், முன் சீட்டில் உட்கார்ந்திருந்தபடியே என் வாயில் வந்தது:

"வெள்ளம் வரும் என்பார், வீட்டை விடு என்பார்;
எறங்கினால் எடம் போச்சு, ஏமாந்தால் எல்லாம் போச்சு!"

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் சொல்லச் சொல்லவில்லை. அதை நான் நம்பினேனா என்று கேட்டால், நம்பவுமில்லை, நம்பாமலும் இல்லை. கேட்க நன்றாக இருந்தது, சொன்னேன். கோளாம்பியில் அது உருண்டுகொண்டு போனபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மூன்றாம் நாள் கீழ்க்கடவுப் பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாட்டிலேயே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஆள் ஜெயித்தார். ஜெயித்த ஊர்வலத்தில் என்னையும் தோளில் தூக்கினார்கள்.

4

ஆறேழு மாதம் கழித்து மழை வந்தது. மூன்று நாள் விடவில்லை. கள்ளிக்காடு என்ற ஊரில் இருக்கிற நெய்யாறு அணை நிறைந்து ஷட்டரை உயர்த்தப் போகிறார்கள், தாழ்ந்த இடத்தில் இருக்கிறவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. வில்லேஜ் ஆபீசிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். பொதுஜனங்கள் ஜாக்கிரதையாக இருக்குமாறு இதனால் அறிவிக்கப்படுகிறது என்கிற மாதிரி, கல்லும் மண்ணுமாக ஒரு மலையாளம். துணைக்கு ஆபீஸ் ஆள் ஒருவரையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

கீழ்க்கடவுக்கு முதல் தடவை போனபோதே தெரிந்துவிட்டது. நான் தாளில் இருந்ததைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு ஜீப்பின் பின்னால் ஓடி வந்தார்கள். "எறங்கினால் எடம் போச்சு" என்று என் ராகத்திலேயே கத்தினார்கள். வீடுகளுக்குள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

தங்கராஜ் அண்ணன் கொத்தனார். அவர் வீட்டை அவரே கட்டினார். மற்றவர்கள் வீட்டில் வேலை செய்து மிச்சம் வந்த கல்லையும் கம்பியையும் கேட்டு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மத்தியானம் ஒரு வரி, இரண்டு வரி என்று வருஷக்கணக்கில் வைத்த கட்டு. அன்றைக்கு இறவாரத்தில் உட்கார்ந்து சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜீப் அவர் வாசலில் நின்றது. எழுந்து வந்து ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"எலே அருளு, எறங்கினா எடம் போச்சுண்ணு நீ தானே சொன்னே? இப்ப எறங்கணும்ணு சொல்லுதே. இதில எதுலே நெசம்?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. உதட்டில் சிரிப்பு இருந்தது, ஆனால் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பட்டயம் இல்லாத மனிதருக்கு அதைவிடப் பெரிய கேள்வி இல்லை. நான் கதவைத் திறந்து இறங்கி, "அண்ணா, அன்னைக்குச் சொன்னது ஓட்டுக்கு. சும்மா நானா சொன்னது. இதாக்கும் நெசம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் வந்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பக்கத்தில் ஆபீஸ் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அதைச் சொல்ல நாணமாக இருந்தது. நான் மைக்கை வாயருகே கொண்டுபோய், இரண்டடி தூரத்தில் நின்ற மனிதரிடம், "பொதுஜனங்கள் தயவுசெய்து ஒத்துழைக்க வேண்டும்" என்று கோளாம்பியில் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்க் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

மூன்று தடவை போனேன் என்று இங்கே சொல்வது பொய்யில்லை. மூன்று தடவை போனேன். ஒரு தடவைகூட ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் படியேறியதும் மற்றவர்கள் தாங்களாகவே கிளம்பிவிட்டார்கள். தங்கராஜ் அண்ணன் தன் மனைவி ரெஜினா அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். "ஆள் இல்லாத வீடுண்ணு எழுதிப் போட்டுருவானுவ, நான் இஞ்ச இருக்கேன்" என்று அவர் மட்டும் நின்றுகொண்டார். விடிந்து வள்ளம் கொண்டுபோனபோது இடுப்பளவு தண்ணீரில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். காலில் தகரம் கிழித்த காயம். கரைக்கு வந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துச் சிரித்தார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல், என்று மெடிக்கல் காலேஜில் சொன்னார்கள். கிடந்த நீரில் புண்ணோடு நின்றால் வருவது. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

எங்கள் பக்கம் மரணத்தையும் ஜீப்பில்தான் அறிவிப்போம். அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனேன். அதே ஜீப், அதே வளைவு. "கீழ்க்கடவு தங்கராஜ் காலமானார். அடக்கம் இன்று வைகிட்டு நாலு மணிக்கு" என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். அன்றைக்குப் பிள்ளைகள் யாரும் பின்னால் ஓடி வரவில்லை.

அடுத்த வருஷம் கீழ்க்கடவுக் குடும்பங்களுக்குக் காரோட்டில் மூன்று சென்டும் வீடும் கொடுத்தார்கள், பட்டயத்தோடு. என் வாசகத்தில் ஒரு வரிகூட உண்மையில்லை என்று அப்போது ஊருக்கே தெரிந்தது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் விசா வந்தது. தப்பித்தோம் என்று கிளம்பினேன். அண்ணன் கேட்டதையும் நான் இறங்காததையும் ஜெபாவிடம்கூடச் சொன்னதில்லை.

5

மெர்லின் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரெஜினா அக்காவைக் கூப்பிட்டோம். அங்கே ஆராதனை முடிந்து மத்தியானச் சோற்று நேரம். நம்பரை என் அக்காவிடம் வாங்கியிருந்தேன். பதின்மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவரைக் கூப்பிட்டதில்லை.

"ஆரு, அருளா? எத்தன வருசமாச்சு மக்கா. ஜெபா சொகமா இருக்காளா?"

"சொகம் அக்கா. மகளுக்கு ஒங்ககிட்ட பேசணுமாம்."

"அந்தக் குட்டியா? நாலு வயசுல பாத்தது. குடு, குடு."

மெர்லின் ஒரு தாளில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி வைத்திருந்தாள். மத்தியானம் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்திருக்கிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்.

"ஆன்ட்டி, அங்கிளுக்க காரியம் அப்பா சொன்னாங்க. எனக்கு ரொம்ப சங்கடம் ஆயிட்டு. அந்த ஆடெல்லாம் பின்னே என்ன ஆச்சு?"

ரெஜினா அக்காவின் குரல் போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது.

"ஆடா? எங்களுக்கு ஏது மக்களே ஆடு? ஒரு கோழி உண்டும். அதையும் நான் கையில தூக்கிட்டுப் போனேன்."

மெர்லின் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிள்ளைக்குத் தமிழ் சரியாக வராது அக்கா, வேறு யாருடைய கதையையோ சேர்த்துக் குழப்புகிறாள் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாக்கியம் நாக்கில் தயாராகவே இருந்தது. எனக்கு வாக்கியத்துக்கு எப்போதும் பஞ்சமில்லை. மகளைப் பொய்க்காரியாக்கி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு நொடி அதை யோசித்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். மெர்லினும் கேட்கட்டும் என்றுதான். "அக்கா, ஆட்டுக் காரியம் நான் சொன்னதாக்கும். இஞ்ச உள்ளவங்ககிட்ட அப்பிடிச் சொல்லி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"அண்ணன் ஏன் எறங்கல்லண்ணு கேட்டாங்க. நெசத்தைச் சொன்னா எனக்க காரியம் வெளியே வரும். அதான்."

"எத்தன வருசமா சொல்லுதே?"

"பத்து வருசமா."

"எத்தன பேருட்ட?"

"வருசத்துக்கு முப்பது, நாப்பது பேரு வருவாங்க."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அப்போ அந்த ஊரு ஆளுவ எல்லாரும், ஆட்டுக்கு வேண்டி செத்த புத்தியில்லாத மண்டன்னு எங்க வீட்டுக்காரரை நெனச்சிருக்கும், இல்லியா?"

"ஆமா அக்கா."

"அவரு மண்டன் இல்ல. ஒன்னை நம்பினாரு. அதாக்கும் காரியம்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைத் திருத்துகிற மாதிரி சொன்னார். நான் அழுதுவிட்டேன். மன்னிக்கணும் அக்கா, அன்னைக்கு ஜீப்பை விட்டு எறங்கியிருக்கணும் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீ எறங்காதது எனக்குத் தெரியும். நான் சன்னலுக்க இந்தப் பக்கம்தானே நின்னேன். மன்னிப்பெல்லாம் பெறகு பாக்கலாம். மொதல்ல அந்த ஆட்டை எடு. எடுத்துட்டு நீ சொன்னதைப் போடு." அப்புறம், "குட்டிகிட்ட குடு," என்றார்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மெர்லின் போனோடு தன் அறைக்குப் போனாள். வெகுநேரம் பேசினார்கள். இவளுக்கு இருக்கிற தமிழில் அவ்வளவு நேரம் என்ன பேச முடியும் என்று தெரியவில்லை. என்ன பேசினாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, கேட்கவில்லை. சமையலறையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்ட ஜெபா ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. பிறகு, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

6

திங்கட்கிழமை மார்கரெட்டிடம் போய் முழுவதையும் சொன்னேன். புறம்போக்கு, பட்டயம், தேர்தல் எல்லாம் சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. பத்து வருஷத்துக்கு முன்னால் அரை மணி நேரம் ஆகும் என்று பயந்த விஷயம். மார்கரெட் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "ஆட்டை உங்கள் வாயில் வைத்தது நான்தான்" என்றார். "நீங்கள் கேட்டீர்கள். ஆமாம் என்று சொன்னது நான்," என்றேன்.

இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. பயிற்சிப் பாடத்தில் திருத்தம் செய்யவும் உண்டு. திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் வரிசையாகக் கட்டங்கள்: தகவல் பழையது, படத்துக்கு அனுமதி இல்லை, மற்றவை. மற்றவையில் டிக் செய்தேன். விவரம் எழுத இரண்டு வரிதான் இடம் இருந்தது. 'அந்த மனிதர் ஏன் கிளம்பவில்லை என்பதற்கு நான் சொன்ன காரணம் பொய். உண்மையான காரணம் நான்' என்று எழுதினேன், இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது. நேர்முகத்தில் பொய் சொன்ன விஷயம் மேலே போயிருக்கிறது. என்ன செய்வார்கள் என்று இதை எழுதுகிற இன்றைக்கு எனக்குத் தெரியாது. எது செய்தாலும் சரிதான்.

இரண்டாவது சனிக்கிழமை அதே முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். வாசல் தட்டிப் பேசும் பயிற்சிக்கு முன்னால் மார்கரெட் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார். திரையில் படம் எதுவும் போடவில்லை. போன வாரம் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன் என்று ஆரம்பித்தேன். மைக் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் மைக் பிடித்தவனுக்கு இது புதுசு. தங்கராஜ் என்ற பெயரை முதல் தடவையாக அந்த ஹாலில் சொன்னேன். அவர் கொத்தனார், அவருக்கு ஆடு கிடையாது, அவர் பிடிவாதக்காரரும் இல்லை, முதலில் வந்து சொன்னவனை நம்பினார், இரண்டு தடவையும் வந்து சொன்னவன் ஒருவனே என்று சொன்னேன்.

யாரும் பெருமூச்சு விடவில்லை. முன் வரிசையில் மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர், எழுபது வயது இருக்கும், கையைத் தூக்கினார்.

"தேர்தலில் நீங்கள் சொன்னதை உங்கள் மொழியில் ஒரு தடவை சொல்ல முடியுமா? எங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்."

வேண்டாமே என்றேன். அவர் விடவில்லை. வேடிக்கைக்காகக் கேட்கவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. வாசலில் யாராவது இப்படி வந்து நின்றால் எனக்குத் தெரிய வேண்டுமே என்றார்.

சொன்னேன். வெறுமனே சொன்னால் அது பாதிப் பொய்யாகிவிடும். ஜீப்பில் எப்படிச் சொன்னேனோ அப்படியே, ராகத்தோடு, கடைசி 'போச்சு'வை இழுத்துச் சொன்னேன். குரல் இன்னும் போகவில்லை. ஹாலில் அது உருண்டது. அர்த்தம் தெரியாமலேயே இரண்டு மூன்று பேர் காலால் தாளம் போட்டார்கள். ஒரு பெண் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டாள்.

மெர்லின் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அப்பாவிடம் இப்படி ஒரு குரல் உண்டு என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நான் ஆரம்பித்ததும் அவள் முகம் தானாக மலர்ந்தது. நான் அர்த்தத்தை இங்கிலீஷில் சொல்லும்வரை அந்தச் சிரிப்பு இருந்தது.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்க அவளும் நின்றாள். இருவரும் ஒன்றும் பேசாமல் நாலைந்து வரிசை அடுக்கினோம். ஒரு நாற்காலியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா, அதைக் கேட்டிருந்தா நானும் வீட்டிலதான் இருந்திருப்பேன்."